முதல் பவளத் தொட்டி: நாற்பது லிட்டரில் தொடங்கலாமா?

வந்த கேள்வி: "மூன்று வருடமாக நன்னீர் மீன் வளர்க்கிறேன். இப்போது பவளத் தொட்டி வைக்க ஆசை. கையில் 40 லிட்டர் கண்ணாடித் தொட்டி சும்மா இருக்கிறது. சின்னது என்பதால் பராமரிப்பு சுலபமாக இருக்கும் என்று நினைக்கிறேன். பாறை, மணல், உப்பு எல்லாம் இந்த வாரம் வாங்கிவிடுவேன். இரண்டு வாரத்தில் ஒரு ஜோடி கோமாளி மீனும் ஒரு அனிமோனும் விடலாமா?"

பிப்ரவரி 4

இரண்டு வாரத்தில் முடியாது. அனிமோன் (கோமாளி மீன் ஒண்டிக்கொள்ளும் கடற்சாமந்தி) என்றால் இன்னும் பல மாதம் கழித்துப் பேசுவோம். முதலில் அந்த 40 லிட்டரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நானும் 45 லிட்டரில்தான் ஆரம்பித்தேன், பதினான்கு மாதத்தில் அதை மூடவும் செய்தேன்.

நன்னீர்த் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் குறைந்ததை ஊற்றினால் தீர்ந்தது. உப்புத் தொட்டியில் ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே நிற்கும். 40 லிட்டர் தொட்டியில் பாறையும் மணலும் அடைத்துக்கொண்டது போக உண்மையான தண்ணீர் ஒரு 34 லிட்டர் தேறும். அதில் இரண்டு லிட்டர் ஆவியானால் 35 பிபிடி (ஆயிரத்தில் எத்தனை பங்கு உப்பு என்ற அளவு) இருந்த உப்பு 37-ஐத் தாண்டிவிடும். இரண்டு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் போதும், இது நடந்திருக்கும். 170 லிட்டர் தண்ணீரில் அதே இரண்டு லிட்டர் குறைந்தால் 35.4 தான். மீன் ஓரளவு தாங்கும், அதற்கு உடம்புக்குள் உப்பைச் சரிசெய்துகொள்ள வழி இருக்கிறது. பவளத்துக்கு அப்படி எதுவும் இல்லை. வெளியே தண்ணீரில் உப்பு ஏறினால் அதன் உடம்பிலும் ஏறும்.

ஆகவே இடமும் பணமும் அனுமதிக்கும் அளவில் பெரிதாகப் போங்கள். 150 லிட்டருக்கு மேல் என்றால் நிம்மதி.

அனிமோன் வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. நான் மூன்றாவது மாதத்தில் வாங்கினேன். அது பிடிக்கிற இடம் கிடைக்கும்வரை நடக்கும் உயிர், புதுத் தொட்டியில் எந்த இடமும் அதற்குப் பிடிக்காது. ஒரு இரவு நடந்துபோய் தண்ணீரைச் சுழற்றும் அலைபம்ப்பின் வாயில் சிக்கி அரைபட்டுவிட்டது. காலையில் தண்ணீர் பால்போல் கலங்கிக் கிடந்தது, கூடவே இரண்டு மீனும் போயின. இன்றைக்கும் அந்தக் காலையை நினைத்தால் வயிறு பிசைகிறது. கோமாளி மீனுக்கு அனிமோன் கட்டாயமே இல்லை, தொட்டியில் பிறந்து வளர்ந்த கோமாளிகள் அது இல்லாமலே பல வருடம் நன்றாக வாழ்கின்றன.

பிப்ரவரி 4, இரவு

எடையைச் சொல்ல மறந்துவிட்டேன். 200 லிட்டர் கடல்நீர் மட்டுமே 205 கிலோ. கண்ணாடி, பாறை, மணல் சேர்த்தால் 300 கிலோ பக்கம் போகும். சாதாரண மேசை இதைத் தாங்காது. தாங்கினாலும் தரைமட்டம் கொஞ்சம் சாய்வாக இருந்தால் கண்ணாடி ஒட்டில் அழுத்தம் விழும். ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள், ஊற்றிய பிறகு நகர்த்த முடியாது.

பிப்ரவரி 5

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். "அதே இரண்டு லிட்டர்" என்று ஒப்பிட்டது முழுக்க நியாயமில்லை. பெரிய தொட்டிக்கு மேற்பரப்பும் பெரிது, ஆகவே அதில் அதிகமாகவே ஆவியாகும். ஆனால் மொத்தத் தண்ணீரோடு ஒப்பிட்டால் விகிதம் குறைவு, அதனால் முடிவு மாறவில்லை. எந்த அளவானாலும் தானாக நன்னீர் நிரப்பும் சாதனம் ஒன்றை முதல் நாளே வையுங்கள். விளக்குக்குச் செலவழிப்பதற்கு முன் இதற்குச் செலவழியுங்கள் என்பேன். நிரப்ப வேண்டியது உப்பு கலக்காத தண்ணீர், இதைத் தலைகீழாகச் செய்து உப்பை ஏற்றிக்கொண்டே போனவர்களை எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 8

குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துப் பயன்படுத்தலாமா என்று கேட்கிறீர்கள். கூடாது. காய்ச்சினால் கரைந்திருக்கும் செம்போ பாஸ்பேட்டோ நைட்ரேட்டோ சிலிகேட்டோ போகாது, இன்னும் செறிவாகத்தான் ஆகும். செம்பு மிகச் சிறிய அளவிலேயே நத்தை, இறால், பவளம் எல்லாவற்றையும் கொல்லும். ஆர்ஓ வடிகட்டிக்குப் பின்னால், மிச்சமிருக்கும் உப்புகளைப் பிடிக்கும் டிஐ பிசின் உள்ள ஒரு கட்டம் வேண்டும், கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 0 காட்ட வேண்டும். குடிக்கும் தண்ணீருக்கான ஆர்ஓ இதற்குப் போதாது, அதில் வரும் தண்ணீரில் இன்னும் கொஞ்சம் உப்புகள் இருக்கும். உங்கள் குழாய்த் தண்ணீரில் குளோரமின் கலக்கிறார்கள் என்றால் நல்ல கார்பன் கட்டமும் கூடவே தேவை.

உப்பு கலக்கும்போது தண்ணீரில் உப்பைப் போடுங்கள், உப்பின்மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். நான் முதல் தடவை வாளியில் உப்பைக் கொட்டிவிட்டு மேலே தண்ணீர் பிடித்தேன், வெள்ளையாகக் கலங்கி அடியில் மாவுபோல் படிந்துவிட்டது. செறிவு அதிகமான இடத்தில் கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து சுண்ணாம்பாக இறங்கிவிடும். அந்தத் தண்ணீரைத் தொட்டியில் விட்டால் பவளத்துக்கு வேண்டியது பாதி இல்லாமல் போகும். லிட்டருக்கு சுமார் 35 முதல் 38 கிராம், ஒரு பம்ப்பைப் போட்டுச் சில மணி நேரமாவது சுழலவிட்டு, சூடு 25 டிகிரிக்கு வந்த பிறகு அளந்து பாருங்கள்.

பிப்ரவரி 9

உப்பை அளப்பது பற்றி. பிளாஸ்டிக் முள் ஆடும் ஹைட்ரோமீட்டர் வேண்டாம், முள்ளில் ஒரு சின்னக் காற்றுக்குமிழ் ஒட்டினால் கணக்கே மாறிவிடும். ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கினால் அதைச் சரிபார்க்க 35 பிபிடி திரவமும் சேர்த்து வாங்குங்கள். நான் வெறும் சுத்த நீரை வைத்துப் பூஜ்யம் காட்டுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பூஜ்யத்தில் சரியாக இருந்த கருவி 35-இல் நான்கு அளவு தள்ளிக் காட்டியது. ஐந்து மாதம் என் தொட்டி 31-இல் ஓடியிருக்கிறது, பவளம் ஏன் விரியவில்லை என்று நான் விளக்கை மாற்றிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 13

பாறை. உலர்பாறையா (உயிர் எதுவும் இல்லாத காய்ந்த பாறை) உயிர்ப்பாறையா (கடலுயிர்கள் குடியிருக்கும் பாறை)?

உலர்பாறை வாங்குங்கள். உயிர்ப்பாறையோடு என்னென்னவோ ஒட்டி வரும். என் 45 லிட்டரில் ஒரே ஒரு ஐப்டேசியா (களைபோல் பரவும் சின்ன அனிமோன்) வந்தது, பழுப்பு நிறத்தில் விரல்நக அளவு. அழகாக இருக்கிறதே என்று விட்டுவைத்தேன், பிறகு கத்தியால் சுரண்டினேன். சுரண்டிய ஒவ்வொரு துணுக்கும் ஒரு புது உயிராக முளைத்தது. உலர்பாறையில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை, சுத்தமாகத் தொடங்கலாம், விலையும் குறைவு, கடலிலிருந்து எதையும் எடுக்க வேண்டியதும் இல்லை.

அடுக்கும்போது அடிப்பாறையைக் கண்ணாடிமேல் நேராக உட்காரவைத்துவிட்டு அப்புறம் மணலைப் போடுங்கள். மணல்மேல் பாறையை வைத்தால் அடியில் தோண்டும் மீனோ இறாலோ ஒருநாள் மொத்தத்தையும் சாய்த்துவிடும். சுவரோடு ஒட்டி மதில்போல் கட்டாதீர்கள், பின்னால் தண்ணீர் ஓட வேண்டும்.

பிப்ரவரி 21

நைட்ரஜன் சைக்கிள் பற்றி நீங்கள் நன்னீரிலேயே பார்த்திருப்பீர்கள், அதே வேலைதான்: அம்மோனியா நைட்ரைட்டாகி, நைட்ரைட் நைட்ரேட்டாகும். மீனை விட்டு அதை வதைத்துச் சைக்கிள் செய்யும் பழக்கம் வேண்டாம். கடல்நீரின் பிஹெச் 8-க்கு மேல் இருப்பதால் அம்மோனியா அங்கே இன்னும் கொடிய விஷம். பாட்டில் அம்மோனியாவை 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) வருமாறு விடுங்கள், பாட்டில் பாக்டீரியாவும் சேருங்கள். விட்ட 2 பிபிஎம் ஒரு நாளில் காணாமல் போகும்வரை காத்திருங்கள்.

ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. இந்த வேலையைச் செய்வது பாக்டீரியா மட்டும்தான் என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2005-இல் சியாட்டிலில் உள்ள மீன்காட்சியகத்தின் வெப்பமண்டலக் கடல்தொட்டி ஒன்றின் அடிக்கற்களிலிருந்து ஒரு நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தார்கள், நைட்ரோசோபியூமிலஸ் மாரிடிமஸ் என்று பெயர். அது பாக்டீரியாவே அல்ல, ஆர்க்கியா என்ற வேறு வகை, ஆனால் அம்மோனியாவை உண்டுதான் வாழ்கிறது. பிறகு பார்த்தால் அதன் உறவுகள் கடல் முழுக்க இருக்கின்றன. யாரோ தினமும் பராமரித்த ஒரு தொட்டியின் கல்லில் அது உட்கார்ந்திருந்திருக்கிறது!

நைட்ரைட் ஏறினால் பதற வேண்டாம். நன்னீரில் அது ஆபத்து, உப்பு நீரில் இருக்கும் குளோரைடு அதை மீனின் செவுளுக்குள் எளிதில் போகவிடாது. அப்புறம், நைட்ரைட் இருக்கும்போது நைட்ரேட் டெஸ்ட் கிட் தப்பாக மிக அதிகம் காட்டும். நைட்ரைட் இறங்கிய பிறகு வரும் எண்ணை மட்டும் நம்புங்கள். நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் பூஜ்யத்தில் வைத்திருப்பதுதான் இலக்கு.

மார்ச் 2

150 லிட்டர் தொட்டி வாங்கிவிட்டீர்கள் என்று படித்ததும் எனக்கே வாங்கியதுபோல் மகிழ்ச்சி. அந்த 40 லிட்டரைத் தூக்கிப் போடாதீர்கள், புது மீனைச் சில காலம் ஒதுக்கிவைக்கும் தனிமைத் தொட்டியாக அதற்கு வேலை இருக்கிறது.

மார்ச் 10

மின்சாரம். ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்குப் போகும் முன் கீழே ஒரு வளைவாகத் தொங்கிவிட்டு மேலே ஏற வேண்டும், ஒயரில் வழியும் உப்பு நீர் அந்த வளைவில் சொட்டிவிடும். கசிவு வந்தால் மின்சாரத்தை வெட்டும் பிரேக்கர் இல்லாமல் கையைத் தொட்டிக்குள் விடாதீர்கள், இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஹீட்டர் கெட்டுப்போகும்போது சில சமயம் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். ஒரு பெரிய ஹீட்டருக்குப் பதில் இரண்டு சின்ன ஹீட்டர், தனியாக ஒரு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி. ஒன்று சிக்கிக்கொண்டாலும் தனியாக அது தொட்டியைக் கொதிக்கவைக்க முடியாது. வெயில் காலத்தில் ஹீட்டரைவிட மேற்பரப்பில் வீசும் சின்ன மின்விசிறிதான் உங்களுக்குத் தேவைப்படலாம், அப்போது ஆவியாதல் கூடும், நிரப்பும் சாதனத்தின் வாளி சீக்கிரம் காலியாகும்.

சம்ப் (தொட்டிக்குக் கீழே இருக்கும் துணைத்தொட்டி) வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். தண்ணீர் ஊற்றியதும் முதல் வேலையாகப் பம்ப்பை வேண்டுமென்றே நிறுத்திப் பாருங்கள். மேலிருந்து இறங்கும் தண்ணீர் முழுவதையும் சம்ப் வாங்கிக்கொள்கிறதா? திரும்பிவரும் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்னத் துளை போட்டால் மட்டம் இறங்கியதும் காற்று புகுந்து சைஃபன் உடையும். ஒருவழி வால்வை மட்டும் நம்ப வேண்டாம், ஒரு நத்தை போய் உட்கார்ந்தால் அது மூடாது.

மார்ச் 24

"மணலெல்லாம் பழுப்பாகிவிட்டது, என்ன மருந்து போடுவது?"

எதுவும் போட வேண்டாம். அது டயாட்டம், சிலிக்காவை உண்டு வளரும் நுண்பாசி, புது மணலிலும் பாறையிலும் அது கட்டாயம் வரும், தீர்ந்ததும் போகும். கையில் துடைத்தால் தூள்போல் பறக்கும். சில ட்ரோகஸ் நத்தைகள் விடுங்கள், அவை தலைகீழாக விழுந்தாலும் தாமே திரும்பிக்கொள்ளும், ஆஸ்ட்ரேயா நத்தையால் பெரும்பாலும் அது முடியாது, விழுந்த இடத்திலேயே செத்துவிடும்.

இதற்குப் பிறகு பச்சை முடிப்பாசி வரும். அதையும் கையால் பிடுங்குங்கள். விளக்கைக் குறைவான நேரம் எரியவிடுங்கள், பவளமே இல்லாத தொட்டிக்குப் பன்னிரண்டு மணி நேர வெளிச்சம் யாருக்காக?

ஏப்ரல் 16

இது நீளமாகப் போகும். பிப்ரவரி 13-லும் 21-லும் எழுதிய இரண்டு விஷயங்களை நான் திரும்பப் பெற வேண்டியிருக்கிறது.

ஒரு மாதமாக உங்கள் படங்களைப் பார்க்கிறேன். வெள்ளை வெளேரென்ற பாறை, அதன்மேல் காற்றுக்குமிழ்களோடு சளிபோல் ஏதோ தொங்குகிறது, காலையில் குறைவாகவும் மதியத்தில் கூடுதலாகவும் இருக்கிறது என்கிறீர்கள். நைட்ரேட் 0, பாஸ்பேட் 0. அது டயாட்டம் இல்லை, டைனோஃபிளாஜெலேட் (சுருக்கமாக டைனோ) என்ற ஒற்றைச்செல் நுண்ணுயிர். எனக்கு அதை நன்றாகத் தெரியும், ஏனென்றால் என் இரண்டாவது தொட்டியில் நான்கு மாதம் அதோடு வாழ்ந்தேன். அந்தத் தொட்டியும் முழுக்க உலர்பாறை. அதிலும் நான் எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வைத்திருந்தேன், அப்படி வைத்திருப்பதில் பெருமையும் பட்டேன். உங்களுக்கு அந்த வழியைச் சொன்னபோது என் பழைய அனுபவத்தை நான் சேர்த்து யோசிக்கவில்லை. 45 லிட்டரில் ஐப்டேசியா கொடுத்த எரிச்சல் மட்டும்தான் மனதில் இருந்தது.

உலர்பாறையில் பூச்சி இல்லை என்று சொன்னேன். வேறு எதுவுமே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். கோப்பிபாட் (புள்ளிபோல் தெரியும் சின்ன ஓட்டுயிர்) இல்லை, புழு இல்லை, கடற்பஞ்சு இல்லை, இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாசி இல்லை, ஆயிரக்கணக்கான வகை நுண்ணுயிர்கள் இல்லை. பாட்டிலில் ஊற்றிய ஒரு சில வகைகள் அம்மோனியாவைத் தின்னும், அவ்வளவுதான். சைக்கிள் முடிந்தது என்றால் மீன் விஷத்தில் சாகாது என்று மட்டும்தான் அர்த்தம். பாறையின் ஒவ்வொரு அங்குலமும் ஆளில்லா நிலமாகக் கிடக்கிறது, முதலில் யார் வருகிறார்களோ அவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். அதோடு நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூஜ்யத்துக்கு இறக்கினால் போட்டிபோட வேண்டிய மற்றப் பாசிகளும் பட்டினியில் ஒதுங்கிவிடும், டைனோ அந்த வறட்சியிலும் பிழைக்கும். நம் தொட்டிகளில் அழுக்கு அதிகமாகி இது வந்தது என்று நினைத்து நாம் இன்னும் இன்னும் துடைத்தோம், தண்ணீர் மாற்றினோம். காலியாக இருந்த இடத்தை மேலும் காலி செய்தோம்.

செய்ய வேண்டியது இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். பெரிய அளவு தண்ணீர் மாற்றுவதை நிறுத்துங்கள். பாஸ்பேட் உறிஞ்சும் ஊடகத்தை எடுத்துவிடுங்கள். நுரையால் கழிவை அள்ளும் ஸ்கிம்மரை இரவில் மட்டும் ஓட்டுங்கள். நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.05 பிபிஎம்-ஐ ஒட்டி வருமாறு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள், தேவைப்பட்டால் அவற்றைத் திரவமாகவே விடலாம். எளிய நுண்ணோக்கி கிடைத்தால் ஒரு சொட்டை வைத்துப் பாருங்கள். துளி வடிவில் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தால் அது ஆஸ்ட்ரியாப்ஸிஸ் என்ற டைனோ வகை, அது இரவில் தண்ணீரில் மிதக்கும் என்பதால் புறஊதா விளக்கு அதைக் குறைக்கும். மணலிலேயே கிடக்கும் வகைக்கு அந்த விளக்கால் பெரிய பயன் இல்லை. ஆஸ்ட்ரியாப்ஸிஸ் விஷமானது, உங்கள் நத்தைகள் செத்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

முக்கியமாக, உயிர் சேர்க்க வேண்டும்.

ஏப்ரல் 17

"அப்படியென்றால் பாறையை மாற்ற வேண்டுமா?" வேண்டாம். பல வருடம் ஓடிய, நோயில்லாத தொட்டி வைத்திருப்பவரிடம் கையளவு உயிர்ப்பாறையும் ஒரு கிண்ணம் மணலும் கேட்டு வாங்குங்கள். ஐப்டேசியா பயம் எனக்கு இன்னும் இருக்கிறது, ஆகவே அந்தப் பாறையை 40 லிட்டரில் இருட்டாக இல்லாமல் சில வாரம் வைத்துத் தினமும் பாருங்கள். ஏதாவது முளைத்தால் சுரண்ட வேண்டாம், அந்தத் துண்டை ஒதுக்கிவிடுங்கள். முள்முடிப் புழுக்களைப் பார்த்து அலற வேண்டாம், பெரும்பாலானவை மிச்சம் மீதியைத் தின்று சுத்தம் செய்பவை, வெறுங்கையால் தொடாமல் இருந்தால் போதும்.

பழைய ஆட்கள் இதை எப்போதோ புரிந்துவைத்திருந்தார்கள். இந்தோனேசியாவில் லீ சின் எங் என்பவர் 1960-களின் தொடக்கத்திலேயே உயிர்ப்பாறையும் காற்றுக்குமிழும் மட்டும் வைத்துத் தொட்டியில் பவளத்தை வாழவைத்தார். டெஸ்ட் கிட்டும் ஸ்கிம்மரும் வைத்துக்கொண்டு நான் தடுமாறிய இடத்தில் அவர் பாறையை நம்பினார்.

மே 6

டைனோ மெலிந்துவிட்டது, பச்சைப்பாசி எட்டிப் பார்க்கிறது என்கிறீர்கள். பச்சையைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படும் இரண்டு பேர் நாமாகத்தான் இருப்போம்.

மீனுக்கு வருவோம். வாங்கும் ஒவ்வொன்றும் முதலில் 40 லிட்டருக்குப் போக வேண்டும். கிரிப்டோகேரியான் என்ற வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணி மீன்மேல் சில நாள் இருந்துவிட்டு உதிர்ந்து பாறையில் கூடு கட்டிக்கொள்ளும், கூட்டுக்குள் பெருகி மறுபடி மீனைத் தேடும். பெரிய தொட்டிக்குள் அது வந்துவிட்டால் எல்லா மீனையும் வெளியே எடுத்து 76 நாள் காலியாக விட வேண்டும் என்பதுதான் வழக்கமான கணக்கு. செம்பு மருந்தைப் பவளத் தொட்டியில் ஊற்றவே முடியாது. நான் ஒருமுறை பாறையைக் கலைத்துக் கலைத்து ஆறு மீன் பிடித்தேன், ஒரு பகல் முழுக்கப் போனது.

வெகுதூரத்திலிருந்து பையில் அடைபட்டு வரும் மீனைச் சொட்டுச் சொட்டாக இரண்டு மணி நேரம் பழக்காதீர்கள். பைக்குள் கரியமில வாயு சேர்ந்து பிஹெச் இறங்கியிருக்கும், அதனால் அதிலுள்ள அம்மோனியா அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் பிஹெச் ஏறி அந்த அம்மோனியா விஷமாக விழித்துக்கொள்ளும். தனிமைத் தொட்டியின் உப்பைப் பையின் உப்புக்குச் சமமாக முன்பே வைத்துக்கொண்டு, சூட்டைச் சரிசெய்ததும் மாற்றிவிடுங்கள்.

கோமாளி மீன் இரண்டும் சின்னதாக, ஒன்று மற்றதைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கட்டும். எந்தக் கோமாளியும் பெண்ணாகப் பிறப்பதில்லை, இருப்பதில் பெரியது பெண்ணாகும். வளர்ந்த இரண்டு பெண்களைச் சேர்த்தால் ஒன்று பிழைக்காது.

மே 22

முதல் பவளம்: காளான் பவளம், தோல் பவளம், சோவாந்திட் (பூப்போல் கூட்டமாக வளரும் பவள உறவு). டார்ச், ஹாமர் என்ற பவளங்கள் இரண்டு மூன்று மாதம் கழித்து. கிளைபோல் வளரும், வளர்க்கக் கடினமான அக்ரோபோராவை இந்த வருடம் மறந்துவிடுங்கள்.

சோவாந்திட் பற்றி எச்சரிக்கை. அதன் நெருங்கிய உறவான பாலிதோவா வகை ஒன்றிலிருந்துதான் 1971-இல் ஹவாயில் பாலிடாக்ஸினைப் பிரித்தார்கள், நமக்குத் தெரிந்த மிகக் கொடிய இயற்கை விஷங்களில் ஒன்று. வெட்டும்போது கையுறை, கண்ணாடி இரண்டும் வேண்டும். அவை ஒட்டியிருக்கும் பாறையை ஒருபோதும் வெந்நீரில் போடவோ கொதிக்கவைக்கவோ கூடாது, ஆவியை மூச்சில் இழுத்தவர்கள் வீட்டோடு மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள். குழந்தைகள் இருக்கும் வீடு என்றீர்கள், சோவாந்திட்டைத் தள்ளியே வையுங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆமாம், அதையே சொல்கிறேன், காளானும் தோலும் போதும்.

விளக்கைப் பாதி வெளிச்சத்தில் தொடங்கி வாரக்கணக்கில் ஏற்றுங்கள். பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிதான் அதன் உணவில் பெரும்பங்கைத் தருகிறது. திடீரென்று வெளிச்சம் கூடினால் பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும்.

ஜூன் 19

பிஹெச் 7.9 தான் காட்டுகிறது என்று திரவம் ஊற்றினீர்களா? தயவுசெய்து நிறுத்துங்கள். மூடிய அறையில் ஆட்கள் இருந்தால் கரியமில வாயு கூடும், தண்ணீரின் பிஹெச் இறங்கும், ஜன்னலைத் திறந்தால் ஏறும். 7.8-க்கு மேல் இருந்தால் அதைப் பார்ப்பதையே விடுங்கள்.

பார்க்க வேண்டியது அல்கலினிட்டி, பெரும்பாலும் தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட் வகைகளின் அளவு. கடலில் சுமார் 7 டிகேஹெச் (அதன் அலகு), தொட்டியில் 8-ஐ ஒட்டி வைக்கலாம். கால்சியம் 420 பிபிஎம், மெக்னீசியம் 1300 பக்கம். எண் எது என்பதைவிட அது நேற்று என்னவாக இருந்தது என்பதுதான் பவளத்துக்கு முக்கியம். ஒரு நாள் 7.5 பார்த்துவிட்டு அவசரத்தில் ஒரே நாளில் 10.5-க்கு ஏற்றினேன். மூன்று வருடம் வளர்த்த அக்ரோபோராவின் நுனிகள் எல்லாம் ஒரு வாரத்தில் வெந்ததுபோல் வெள்ளையாகின. 7.5-இலேயே விட்டிருந்தால் அது இன்று இருந்திருக்கும்.

பவளம் கூடிய பிறகு சுண்ணாம்புத் தெளிநீரை நன்னீர் நிரப்பும் வாளியிலேயே வைக்கலாம், கால்சியமும் அல்கலினிட்டியும் சேர்ந்தே போகும். அதன் பிஹெச் 12-க்கு மேல் என்பதால் சொட்டாகத்தான் போக வேண்டும், மட்டம் பார்க்கும் சென்சார் சிக்கினால் மொத்த வாளியும் இறங்கிவிடும். ஆகவே வாளி சின்னதாக இருக்கட்டும். உங்களுக்கு இப்போது இது தேவையில்லை, மாதம் இரண்டு தண்ணீர் மாற்றமே போதும்.

ஜூலை 11

மாண்டரின் மீன் வேண்டாம். அழகில் அதற்கு ஈடு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அது நாள் முழுக்கப் பாறையில் கோப்பிபாட்களைக் கொத்திக்கொண்டே இருக்கும், உங்கள் பாறையில் அவை இப்போதுதான் குடியேறுகின்றன. ஒரு மாதத்தில் மொத்தத்தையும் தின்று தீர்த்துவிட்டு மெலிந்து சாகும். ஒரு மாண்டரினை அப்படி நான் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், வயிறு உள்ளே ஒட்டிப்போய், கடைசிவரை கொத்திக்கொண்டே இருந்தது.

நீல டாங்கும் வேண்டாம். 30 சென்டிமீட்டர் வளரும் மீன் அது.

ஆகஸ்ட் 28

விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து கைவிளக்கு அடித்துப் பாருங்கள் என்றேனே, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகளாக ஓடியவை கோப்பிபாட். பாறை இடுக்கிலிருந்து நீண்ட மெல்லிய கைகள் குட்டி நொறுங்கு நட்சத்திரம், பயப்பட வேண்டாம். பம்ப்பின் பின்பக்கம் ஊதாப் பொட்டுகள், சுண்ணாம்புப் பாசி பிடிக்க ஆரம்பித்துவிட்டது. ஏப்ரலில் அந்தப் பாறை எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். என் புதுச் சின்னத் தொட்டியை முதல் நாளிலிருந்தே பழைய பாறையில் இரண்டு துண்டு போட்டுத்தான் ஆரம்பித்திருக்கிறேன், மூன்று மாதமாகிறது, டைனோ தலைகாட்டவில்லை. ஒரே ஒரு தொட்டியை வைத்து நிரூபணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இனி வேறு மாதிரி தொடங்க எனக்கு மனம் வராது.

டிசம்பர் 3

அனிமோனை மறந்திருப்பீர்கள் என்று நினைத்தேன்!

சரி, பத்து மாதமாகிறது, நைட்ரேட் மூன்று மாதமாக ஒரே இடத்தில் நிற்கிறது, டார்ச் பவளம் தலை பிரிந்து இரண்டாகியிருக்கிறது. குமிழ்நுனி வகையாகப் பாருங்கள், யாராவது தொட்டியில் தானே பிரிந்து பெருகியதாக இருந்தால் இன்னும் நல்லது. வாய் இறுக மூடியிருக்க வேண்டும், அடிப்பாதத்தில் கிழிசல் இருக்கக் கூடாது, வெளுத்திருந்தால் வாங்க வேண்டாம். அது வீட்டுக்கு வருவதற்கு முந்தைய நாளே எல்லா அலைபம்ப்புக்கும் நுரைப்பஞ்சு உறை மாட்டிவிடுங்கள். முதல் வாரம் நடக்கும், பாறைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும், உங்களுக்குக் கண்ணிலேயே படாமல் போகலாம். எடுத்து முன்னால் வைக்காதீர்கள். நின்றபிறகு எழுதுங்கள், எந்த இடத்தைப் பிடித்தது என்று.